மூட்டைப்பூச்சியும் பழைய வீடும்: செட்டிநாட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

எங்கள் வீட்டுக்கு மூட்டைப்பூச்சி வந்தது ஒரு சாந்திக் கல்யாணத்தோடு. கொழுந்தனாருக்கு அறுபது. மூன்று நாளும் வளவு முழுக்க, அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம் முழுக்க, படுக்கை. வீட்டிலிருந்த பாயும் சமுக்காளமும் போதாமல் வாடகைக்கு மெத்தை எடுத்தோம். எல்லாரும் ஊர் திரும்பிப் பத்து நாள் இருக்கும், மகளின் முழங்கைக்குக் கீழே வரிசையாக மூன்று தடிப்புகள். கொசு என்றோம், கொசுவலை கட்டினோம். வலைக்குள்ளேயே கடித்தது. அப்புறமும் ஒரு மாதத்தை வேப்பிலையிலும் கற்பூரத்திலும் கழித்தோம். அந்த ஒரு மாதத்தில்தான் பூச்சி மகள் அறையிலிருந்து எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தது.

இப்போது மாடி அறைகள் இரண்டை மாணவிகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். காரைக்குடிக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிறவர்கள், பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்து குடியேறுகிறவர்கள் என்று பலரும் மூட்டைப்பூச்சியை எப்படி ஒழிப்பது என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். தயக்கத்துக்குக் காரணம் வெட்கம். வீடு சுத்தமாக இல்லாததால் வந்தது என்று நினைக்கிறார்கள். இந்தப் பூச்சிக்கு அழுக்கும் வேண்டாம், எச்சிலும் வேண்டாம்; இரத்தம் ஒன்றே உணவு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை நாளுக்கு இரண்டு தடவை துடைத்தாலும் அதற்குக் கவலையில்லை. பெட்டி, மெத்தை, பழைய நாற்காலி என்று ஏதாவது ஒரு பொருளோடு வருகிறது. கருவுற்ற ஒரு பெட்டை போதும், குடும்பம் பெருக.

முதலில், அதுதானா என்று பாருங்கள்

வளர்ந்த பூச்சி ஐந்து மில்லிமீட்டர், மிஞ்சினால் ஏழு. உடைத்த மைசூர்ப் பருப்பைப் போல் தட்டை, புளியங்கொட்டை நிறம். குடித்த பிறகு உப்பி நீண்டு கருஞ்சிவப்பாகிவிடும். இறக்கை கிடையாது, பறக்காது, தாவாது. நடக்க மட்டுமே தெரியும். ஆனால் நன்றாக நடக்கும். குஞ்சு எள்ளைவிடச் சிறியது, கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி. குடித்த பிறகுதான் வயிற்றில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். முட்டை ரவைத் துணுக்குப் போல வெள்ளையாக, பசை வைத்தாற்போல் ஒட்டிக்கொண்டிருக்கும்; தட்டினால் உதிராது.

கடியை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். கை, கழுத்து, கணுக்கால் போன்ற திறந்த இடங்களில் இரண்டு மூன்று தடிப்புகள் வரிசையாக இருந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். ஒரே கட்டிலில் படுத்த இருவரில் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்திருக்கும், மற்றவருக்கு ஒரு புள்ளிகூட இருக்காது. பூச்சி இரண்டு பேரையும்தான் கடிக்கிறது. தோல் காட்டுகிற எதிர்ப்புதான் வேறு. சிலருக்குக் கடித்துப் பல நாள் கழித்துத் தடிக்கும். எங்கள் வீட்டில் மகள் சொறிந்துகொண்டிருந்தாள், மாப்பிள்ளை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பூச்சியே இல்லை என்று அவர் சாதித்ததில் ஒரு வாரம் போயிற்று.

உறுதியான அடையாளம் கறைதான். மெத்தைத் தையலில், தலையணை உறையின் ஓரத்தில், கட்டில் சட்டத்தில், மைப்பேனா கசிந்ததைப் போலக் கரும்புள்ளிகள் கூட்டமாக இருக்கும். ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். துருவின் நிறத்தில் இழுபட்டால் அது பூச்சியின் கழிவு, செரித்த இரத்தம். அதன் அருகில் பூச்சி உரித்துப்போட்ட வெளிர்மஞ்சள் தோல்களும் கிடக்கும். கூட்டம் பெருத்துவிட்ட அறையில் ஒரு வாடை வரும். கொத்தமல்லித் தழையைக் கசக்கி இரண்டு நாள் விட்டுவைத்தது போன்ற வாடை. அது தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் பூச்சி குடிவந்து வெகுநாள் ஆகிவிட்டது என்று பொருள்.

நம் பக்கத்து வீடுகளுக்கென்றே ஒரு குழப்பம் உண்டு. ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டின் மேல்தளத்தில் புறா அடையும், வௌவால் தொங்கும். புறாக்கூட்டிலிருந்து இறங்கும் செள் என்ற நுண்பூச்சியும் மனிதரைக் கடிக்கும். அது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு புள்ளி. வௌவாலை அண்டி வாழும் பூச்சியோ மூட்டைப்பூச்சிக்குப் பங்காளி, பார்வைக்கு அச்சு அசல் அதேதான். மேலே கூடு இருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்தி, வரும் வழியை அடைத்துவிடுங்கள். கட்டிலை மட்டும் எத்தனை தடவை சுத்தம் செய்தாலும் கடி நிற்காது.

எங்கே தேடுவது

பூச்சி பெரும்பாலும் நாம் தலை வைக்கும் இடத்திலிருந்து ஐந்தாறு அடிக்குள்தான் இருக்கும். நம் மூச்சும் உடம்புச் சூடும் அதற்கு வழி காட்டும். பின்னிரவில் வந்து ஐந்து பத்து நிமிடம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். ஆகவே அறை முழுவதையும் கலைத்துப் போடாமல், கட்டிலிலிருந்து தொடங்கி வெளியே வெளியே போங்கள். வேண்டியவை ஒரு டார்ச் விளக்கு, ஒரு பழைய காலண்டர் அட்டை, வெள்ளைத்துணி.

காலண்டர் அட்டையின் உபயோகத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஆசாரி. மகள் அறையில் இருந்தது பர்மாத் தேக்குக் கட்டில், நாலு காலிலும் கடைசல் வேலை. நான் மெத்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்றிருந்தேன். அவர் மெத்தையைத் தொடவே இல்லை. சட்டமும் காலும் சேரும் இடத்தில் அட்டையின் முனையைச் செருகி மெல்ல இழுத்தார். முதலில் கறுப்புத் தூள் கொட்டியது. அடுத்து இழுத்தபோது அட்டையின் விளிம்பில் ஒன்று, பின்னால் இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை. வெளிச்சம் பட்டதும் எல்லாம் திரும்ப இடுக்கைத் தேடி ஓடின. "மூட்டில் இருக்கிறதால்தானே ஆச்சி இதற்கு மூட்டுப்பூச்சி என்று பேர்" என்றார். அந்தச் சொல்லாராய்ச்சி சரியோ என்னவோ, தேடுவதற்கு அதைவிட நல்ல சூத்திரம் கிடையாது. மூட்டு, இடுக்கு, ஆணித்துளை, விரிசல். காலண்டர் அட்டை நுழைகிற இடத்தில் பூச்சியும் நுழையும்.

கட்டில் முடிந்ததும் மெத்தை. இலவம்பஞ்சு மெத்தையில் ஓரத் தையலையும், நடுவில் நூல் முடிச்சுப் போட்ட குழிகளையும் விரித்துப் பாருங்கள். அடுத்தது சுவர். சுண்ணாம்புப் பூச்சு வழவழவென்று இருக்கும் சுவரில் பூச்சிக்கு இடமில்லை. ஆனால் அந்தச் சுவரில் நாம் மாட்டி வைத்திருக்கிறோமே, ஐயா படம், அப்பத்தா படம், கல்யாணப் படங்கள்! தலைமாட்டில் சாய்ந்து தொங்கும் சட்டம் ஒவ்வொன்றின் முதுகும் அதற்கு ஒரு மாளிகை. கழற்றித் திருப்பிப் பாருங்கள். பிறகு பழைய மின்கம்பிகளின் மேல் ஓடும் மரப்பட்டி, கதவு நிலை, கோரைப்பாயின் மடித்துத் தைத்த ஓரம், நாற்காலிப் பிரம்புப் பின்னல், திரைச்சீலையின் மேல் மடிப்பு. பீரோவையும் பெட்டகத்தையும் கடைசியாகப் பார்த்தால் போதும்.

செய்யக்கூடாதவை

அறை மாறிப் படுக்காதீர்கள். எல்லாரும் முதலில் செய்கிற காரியம் இதுதான், நாங்களும் செய்தோம். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும் வீட்டில் ஒரு அறையில் கடி என்றால் அடுத்த அறைக்குப் போகலாம் என்று கால் தானாகவே நகரும். தலையணையோடு பூச்சியும் வரும். ஒட்டிக்கொண்டு வராவிட்டாலும் பசித்தால் நடந்தே வரும். அதே அறையில், அதே கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தக் கட்டிலைச் சுத்தமாக்குவதுதான் வழி.

வீட்டைப் பூட்டிப் போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்று நம்பாதீர்கள். இரத்தமில்லாமல் அது மாதக்கணக்கில் தாங்கும். குளிர்ந்த இடத்தில் ஓராண்டு வரைகூட. பூட்டிய வீட்டை, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குத் திறந்தவர்கள் முதல் இரவே கடிபட்டது இப்படித்தான்.

மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். தேக்கு, சமுக்காளம், பக்கத்தில் குத்துவிளக்கு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை நம் வீட்டிலேயே நடந்துவிடும். வேப்பிலை, வசம்பு, சாம்பிராணிப் புகை இவையெல்லாம் கெடுதல் செய்யாது, ஆனால் இடுக்குக்குள் இருப்பதைக் கொல்லவும் செய்யாது. அறையில் வைத்துவிட்டுக் கதவை மூடுகிற புகைமருந்துக் குப்பியும் அப்படியே. புகை இடுக்குக்குள் போவதில்லை, பூச்சி இன்னும் ஆழமான இடத்துக்குத்தான் ஓடும்.

இதைவிட முக்கியமான ஒன்று. வயலுக்கு அடிக்கும் மருந்தைப் படுக்கையறையில் அடிக்காதீர்கள். நெல் மூட்டைக்கு வைக்கும் மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவரவே வராதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு மூடிய அறையில் மனிதரைக் கொல்லும், பக்கத்து அறையில் தூங்குகிறவரையும் சேர்த்து. மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோயைப் பரப்புவதாக இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. அதன் கடியால் தூக்கம் போகும், நிம்மதி போகும். அதற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

துணிக்குச் சூடு

இந்தப் பூச்சிக்கு ஒத்துக்கொள்ளாத ஒன்று சூடு. 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு உள்ளே வரை ஏறினால் பூச்சியும் முட்டையும் பிழைக்காது. "உள்ளே வரை" என்பதைக் கவனியுங்கள். சித்திரை வெயிலில் மெத்தையைக் காயப்போட்டால் மேல்புறம் கை வைக்க முடியாமல் கொதிக்கும். பூச்சி நிதானமாக அடிப்பக்கத்துக்கு நடந்துபோய்விடும்.

விரிப்பு, உறை, துண்டு, சட்டை எல்லாவற்றையும் அந்த அறையிலேயே பிளாஸ்டிக் பையில் கட்டி, கட்டியபடியே வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டுக்கு எடுத்துப் போங்கள். வழியில் உதறாதீர்கள். சலவை இயந்திரத்தில் 60 டிகிரி வைக்க முடிந்தால் நல்லது. இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், செட்டிநாட்டு வீட்டில் அண்டாவுக்கா பஞ்சம்? கொதிக்கும் நீரை அண்டாவில் ஊற்றித் துணி முழுக்க அமிழும்படி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். துணி கொண்டுவந்த பையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

கொதிநீர் தாங்காத துணிகளும் உண்டு. கண்டாங்கிச் சேலையை அண்டாவில் போட்டால் சாயம் என்னாகுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. பட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவற்றைக் கறுப்பு பாலிதீன் பையில் மெல்லிய அடுக்காக வைத்து, வாயை இறுகக் கட்டி, உச்சி வெயிலில் மொட்டைமாடித் தட்டோட்டில் நாலைந்து மணி நேரம் வைக்கலாம். நடுவில் ஒரு தடவை புரட்டிப் போடுங்கள். பை பிதுங்கத் திணித்தால் பயனில்லை, நடுவில் இருப்பது சூடாகாது. மழைக்காலமாக இருந்தால் பையோடு உறைகுளிர்ப் பெட்டியில், சுழியத்துக்குக் கீழே 18 டிகிரியில், நாலு நாள் வைப்பது இன்னொரு வழி. வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு அந்த அளவுக்குக் குளிருமா என்று முதலில் பாருங்கள்.

கட்டிலும் மெத்தையும்

கட்டிலைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். இரும்புக் கட்டில், கயிற்றுக் கட்டில் என்றால் முற்றத்துக்குக் கொண்டுபோய் மூட்டு மூட்டாகக் கொதிநீர் ஊற்றிவிடலாம். கயிறு முறுக்குக்குள்ளும் இறங்கும்படி இரண்டு மூன்று தடவை ஊற்ற வேண்டும்.

தேக்குக் கட்டிலுக்குக் கொதிநீர் வேண்டாம். மெருகு போய்விடும், பொருத்து ஊதும். எங்கள் ஆசாரி கழற்றிய துண்டுகளை முகப்புத் திண்ணையில் பழைய வெள்ளை வேட்டி விரித்து அடுக்கினார். வெள்ளையில் ஓடுவது தெரியும் என்பது அவர் கணக்கு. துளைகளையும் பொருத்துகளையும் பழைய பல் தூரிகையால் சுரண்டினோம். தட்டினால் விழாத முட்டை சுரண்டினால் வரும். பிறகு நீராவிக் கருவியின் முனையை இடுக்கில் வைத்து விரல் விரலாக நகர்த்தினோம். வேகமாக ஓட்டினால் மரம் நனையும், பூச்சி சாகாது. சுவிட்சுப் பெட்டி, மின்கம்பிப் பட்டி பக்கம் நீராவியும் கூடாது, தண்ணீரும் கூடாது. கடைசியாக விரிசல்களை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தார். அடைத்த விரிசலில் மறுபடி குடிவர முடியாது. செய்த வேலையிலேயே நிரந்தரப் பலன் இதற்குத்தான்.

மெத்தையைத் தூக்கி எறிய வேண்டுமென்பதில்லை. தையல்களை வாக்யூம் கிளீனரால் உறிஞ்சி, அதன் பையை உடனே வீட்டுக்கு வெளியே கட்டி எறிந்துவிட்டு, மெத்தைக்கு முழுதும் மூடும் ஜிப் உறை போடுங்கள். உள்ளே இருப்பது வெளியே வராமல் செத்துப்போகும். வெளியே இருப்பதற்கு ஒளிய இடமிருக்காது. ஓராண்டுக்கு அந்த உறையைத் திறக்காதீர்கள், கிழியவும் விடாதீர்கள். பஞ்சு கட்டிதட்டிப்போன மெத்தையைத்தான் எறியப் போகிறீர்களென்றால் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டி, நடுவே கிழித்துவிட்டு எறியுங்கள். முழு மெத்தையைத் தெருவோரம் போட்டால் யாராவது எடுத்துப் போவார்கள், பாவம்.

கட்டிலைத் திரும்பப் பூட்டியதும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். விரிப்பு தரையைத் தொடக்கூடாது, கொசுவலையும் தரைவரை தொங்கக்கூடாது. ஒவ்வொரு காலின் கீழும் வழவழப்பான எவர்சில்வர் கிண்ணம் வைத்து உள்சுவரில் முகப்பவுடர் தடவுங்கள். ஏற வருவது பெரும்பாலும் அதற்குள் வழுக்கி விழும். காலையில் கிண்ணத்தைப் பார்ப்பது உங்கள் நாட்குறிப்பு. வெப்ப நாடுகளில் இருக்கும் நம் ஊர் வகை ஏறுவதில் கொஞ்சம் கெட்டிக்காரப் பூச்சி. ஆகையால் கிண்ணம் காலியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து வெற்றி முழக்கம் வேண்டாம்.

ஆள் வைத்து மருந்தடிப்பதென்றால்

இரண்டு மூன்று அறைகளுக்குப் பரவிவிட்டால் ஆளைக் கூப்பிடுவதே புத்திசாலித்தனம். நாங்களும் கூப்பிட்டோம், முதலில் வந்தவர் ஒரே தடவையில் ஒழித்துவிடுவதாகச் சொன்னார். அப்படிச் சொல்பவரை நம்பாதீர்கள். மருந்துக்கு முட்டை பெரும்பாலும் தப்பிவிடும், ஆறு முதல் பத்து நாளில் பொரிக்கும். அதனால் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டாவது தடவை, தேவையானால் மூன்றாவது தடவை அடிக்க வேண்டும். முதல் தடவைக்கே முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

என்ன மருந்து என்று பெயர் கேளுங்கள், புட்டியைக் காட்டச் சொல்லுங்கள். 1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டத்தின்கீழ் இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும். அதையும் கேட்கலாம், கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள். ஒரு காலத்தில் டிடிடியில் செத்த பூச்சி பிறகு அதற்குப் பழகிவிட்டது. இன்று கொசுமருந்திலும் வீட்டுத் தெளிப்பான்களிலும் உள்ள பைரித்ராய்டு வகைக்கும் உலகெங்கும் பழகிவருகிறது. கடையில் வாங்கிய தெளிப்பானை இரண்டு மடங்கு அடித்தும் சாகவில்லை என்பவர்கள் மூன்றாவது மடங்கு அடிக்க வேண்டாம். அடிக்கும் நாளில் குழந்தைகள், கர்ப்பிணிகள், மூச்சுத்தொல்லை உள்ளவர்கள் வேறு வீட்டில் இருக்கட்டும். மீன்தொட்டியை மறந்துவிடுவார்கள், மறக்காதீர்கள்.

கடிக்கு ஒரு வார்த்தை: குளிர்ந்த நீரில் நனைத்த துணி, கலமைன் லோஷன். சொறியாதீர்கள். புண்ணாகிச் சீழ் வைத்தாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

எப்போது முடிந்தது என்று சொல்வது

நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து முழுப்பூச்சியாக ஒன்றரை மாதம்கூட ஆகாது. அதனால் கடி நின்று இரண்டு வாரம் ஆயிற்று என்று படங்களைத் திரும்ப மாட்டிவிடாதீர்கள். வாரம் ஒரு தடவை, நாள் குறித்து, காலண்டர் அட்டையும் டார்ச்சுமாகப் பாருங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து கடியும் இல்லை, புதுக்கறையும் இல்லை, கிண்ணத்தில் விழுந்ததும் இல்லை என்றால் முடிந்தது. எங்களுக்கு நாலு மாதம் பிடித்தது. வேப்பிலையில் போன ஒரு மாதத்தைச் சேர்த்தால் ஐந்து.

மறுபடி வராமல்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் வாங்காமல் இந்த ஊருக்குக் குடிவந்தவர்கள் ஊர் திரும்புவதில்லை. வாங்குங்கள். ஆனால் எந்தக் கடையில் வாங்கினாலும் பழைய கட்டில், சாய்வு நாற்காலி, படச்சட்டம் எதுவானாலும் கடை வாசலிலேயே திருப்பிப் போட்டு இடுக்கில் அட்டையை ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் ஒருவர் என்னிடம் "என்ன ஆச்சி, உண்டியல் தேடுகிறீர்களா?" என்று கேட்டார். கேட்கட்டும். யாத்திரை போய்ச் சத்திரத்தில் தங்கினால் பையைத் தரையிலோ கட்டிலிலோ வைக்காமல் ஆணியில் மாட்டுங்கள். திரும்பி வந்ததும் பையை முற்றத்து வெயிலிலேயே காலி செய்யுங்கள்.

போன தையில் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு மறுபடியும் வாடகை மெத்தை வந்தது. முப்பது மெத்தை. வண்டியை முகப்புக்கு வெளியே நிறுத்தச் சொல்லி, தெருவிலேயே தார்ப்பாய் விரித்து ஒவ்வொன்றாகத் தையலை விரித்துப் பார்த்தோம், நானும் ஆசாரியின் மகனும். இருபத்தொன்பது உள்ளே போனது. மிச்சம் ஒன்றைக் கட்டிய கயிறு அவிழ்க்காமல் வண்டியிலேயே திருப்பி ஏற்றினோம். இறக்கிய பையன் வாடகையில் அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான்.